புள்ளியும் உகரமும் தொலைந்த பக்கங்கள்

பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்திருந்த வலைப்பக்கங்களை அவற்றைச் சேமித்து வாசகருக்கு அனுப்பும் வழங்கி ஒன்றிலிருந்து இன்னொரு வழங்கிக்கு மாற்றிய நாளில், முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. தலையில் சாய்கோடு ஏந்திய இலத்தீன் எழுத்து ஒன்று, அதையடுத்து வட்டத்துக்குள் அமைந்த பதிவுக்குறி, அதையும் அடுத்து ஒரு நாணயக்குறியோ பின்னக்குறியோ என்று மூன்று மூன்றாக அடுக்கப்பட்ட வரிசைகள் பக்கம் முழுவதும் ஓடின. சற்று உற்றுப் பார்த்ததில் அவற்றில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. துணைக்கால் வரவேண்டிய இடத்திலெல்லாம் முக்கால் என்னும் பின்னக்குறி நின்றது. இகரத்தின் மேல்விலங்கு வரவேண்டிய இடத்திலெல்லாம் தலைகீழ் வினாக்குறி நின்றது. எழுத்துகள் அழியவில்லை, அவற்றைத் தவறான அட்டவணையைக் கொண்டு படித்திருக்கிறார்கள் என்பது அப்போது விளங்கியது. ஒழுங்கு மாறாத சிதைவு மீட்கக்கூடிய சிதைவு என்பதால் மனம் சற்று ஆறியது.

அந்த ஆறுதல் அன்று மாலை வரைதான் நீடித்தது. வந்த வழியே திருப்பி மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதி ஓட்டியதும் கட்டுரைகள் தமிழில் திரும்பி வந்தன. ஆனால் எல்லாச் சொற்களிலும் ஏதோ ஒன்று குறைந்தது. 'தமிழ்' என்று நான் எழுதிய இடத்தில் 'தமிழ' என்பதும் அதன் பின்னால் ஒரு கறுப்புச் சாய்சதுரமும் இருந்தன. 'அது' என்பது 'அத' ஆகி, அதே சாய்சதுரத்தைச் சுமந்து நின்றது. பழைய வழங்கி அதற்குள் மூடப்பட்டிருந்தது. காப்புப் படியும் அதே மாற்றுக் கருவியின் வழியாகவே எடுக்கப்பட்டிருந்ததால் அதிலும் இதே குறை இருந்தது. மெய்யெழுத்தின் புள்ளியும் உகரக் குறியும் மட்டும் ஏன் தொலைந்தன என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்கள் ஆயின. அந்த இரண்டு நாள்களில் கற்றதுதான் வலைப்பக்கத்துக்கான குறியாக்கத்தையும் எழுத்துருவையும் நான் தேர்ந்தெடுக்கும் முறையை முழுவதுமாக மாற்றியது.

கணினி எழுத்துகளை எண்களாகவே வைத்திருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த எண்களை யுடிஎஃப்-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள், ஆகின்றன. முதல் பைட் எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175; மூன்றாவதுதான் எந்த எழுத்து என்பதைச் சொல்வது. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். ஒருங்குறிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். கோப்பில் பதினைந்து பைட்டுகள். இந்தப் பதினைந்தையும் மேலை ஐரோப்பிய மொழிகளுக்கு உரிய விண்டோஸ்-1252 என்னும் ஒற்றைப் பைட் அட்டவணையைக் கொண்டு படித்தால் 224 சாய்கோட்டு எழுத்தாகவும், 174 பதிவுக்குறியாகவும் தெரியும். மூன்றாவது பைட் 190 ஆக இருந்தால் முக்கால், 191 ஆக இருந்தால் தலைகீழ் வினாக்குறி. என் பக்கத்தில் கண்ட ஒழுங்கு இதுதான்.

இனி அந்த அட்டவணையின் கதை. விண்டோஸ்-1252இல் 128 முதல் 159 வரையுள்ள 32 இடங்களில் 27 மட்டுமே நிரப்பப்பட்டவை. 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்தும் காலி இடங்கள். உலாவிகள் இந்த ஐந்தையும் அப்படியே கடத்திவிடும்படி இன்றைய வலைத் தரம் வகுத்திருக்கிறது. ஆனால் கண்டிப்பான மாற்றுக் கருவிகள் பல, இல்லாத எழுத்து என்று கருதி அவற்றை உதிர்த்துவிடுகின்றன. தமிழின் புள்ளிக்கு யுடிஎஃப்-8 வடிவம் 224, 175, 141. உகரக் குறிக்கு 224, 175, 129. ஏகாரத்துக்கு 224, 174, 143. ஐகாரத்துக்கு 224, 174, 144. தமிழில் மிக அதிகமாகப் பயிலும் இரண்டு குறிகளும், சொல்லின் முதலில் வரும் இரண்டு உயிர்களும் அந்தக் காலி இடங்களின் மேலேயே போய் அமர்ந்திருக்கின்றன. இது யாருடைய பிழையும் அன்று, வெறும் தற்செயல். ஆனால் தமிழ்ப் பக்கம் ஒன்று ஒருமுறை தவறான அட்டவணை வழியே போய்த் திரும்பினால் எது தொலையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தொலைந்ததை மீட்க எனக்கு உதவியது கணினி நூல் எதுவும் அன்று, பள்ளியில் படித்த இலக்கணம். 224, 175 என்ற இரண்டு பைட்டுகள் மட்டும் மிஞ்சிய இடத்தில் தொலைந்தது புள்ளியா உகரமா என்பதே கேள்வி. க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தமிழ்ச் சொல்லுக்குள் தம்மையே அன்றி வேறு மெய்யை அடுத்துக் கொள்வதில்லை என்பது மெய்ம்மயக்க விதி. ஆகவே ககரத்துக்குப் பின் குறி தொலைந்து, அடுத்து ககரம் அல்லாத வேறு எழுத்து வந்தால் தொலைந்தது உகரம். ட், ற் இரண்டும் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. அங்கே தொலைந்ததும் உகரமே. சொல்லிறுதியில் க், ச், த், ப் நின்றால் அது வலி மிகுந்ததால் வந்தது. அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும். மெல்லினமும் இடையினமும் சொல்லிறுதியில் பெரும்பாலும் புள்ளி பெறுபவை, வகரம் மட்டும் பெரும்பாலும் உகரம் பெறுவது. இந்த விதிகளை நிரலாக்கியபோது தொலைந்த குறிகளில் மிகப் பெரும்பகுதி தாமாகவே தம் இடத்துக்குத் திரும்பின. 'பக்தி' போன்ற வடசொற்களும் பெயர்ச்சொற்களும் விதிக்கு அடங்காமல் நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். 'ஐந்து' என்பதா 'ஏந்து' என்பதா என்ற ஐயம் சொற்றொடரைப் படித்ததும் தீர்ந்தது. ஓரிடத்தில் மட்டும், மூங்கிலைப் பற்றிய வரி ஒன்றில், நான் எழுதியது 'மூங்கிலின் கண்' என்பதா 'மூங்கிலின் கணு' என்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் அந்த வரியில் பொருந்துகின்றன.

குறியாக்கம் என்பது இது எந்த எழுத்து என்ற அடையாளம். எழுத்துரு என்பது அந்த எழுத்து எப்படித் தோன்றும் என்ற வடிவம். இரண்டும் வெவ்வேறு என்று கேட்டவுடன் எவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டுகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிய வழியிலேயே நடந்தன. அந்த வழியில் நானும் நடந்தேன் என்பதால், அது எத்தனை உழைப்பை விழுங்கியது என்பதை நேரில் அறிவேன்.

அன்று பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அந்த எழுத்துருவில் ஜே என்னும் எழுத்தின் இடத்தில் தகரத்தின் உருவம் வரையப்பட்டிருக்கும், அவ்வளவுதான். எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியல். தேடுபொறிக்கு அது எப்போதும் குவியல்தான். எழுத்துருவை இறக்கி நிறுவும் முறையைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் அந்தக் குறிப்பையே படமாக்கிப் போட வேண்டியிருந்தது, ஏனெனில் அதைப் படிக்க வேண்டியவரிடம் அந்த எழுத்துரு இன்னும் இல்லை. 1997 வாக்கில் இரண்டு பெரிய உலாவிகளும் தத்தம் 4ஆம் பதிப்பில் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தன. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஏற்றது இஓடி என்னும் வடிவத்தை. நெட்ஸ்கேப் ஏற்றது பிஎஃப்ஆர் என்னும் வேறொன்றை. ஒரே எழுத்துருவை இரண்டு வகையாக ஆக்கி, இரண்டையும் பக்கத்தில் கட்டி வைத்தவர்களுள் நானும் ஒருவன்.

டிஸ்கி என்னும் திஸ்கி குறியாக்கம் இதைவிட மேலானது. கீழ்ப்பாதியின் 128 இடங்களை ஆங்கிலத்துக்கே விட்டு, மேல்பாதியில் மட்டும் தமிழை வைத்ததால் இரு மொழிகளையும் ஒரே எழுத்துருவில் எழுத முடிந்தது; பல எழுத்துருக்கள் அந்த ஒரே முறையைப் பின்பற்றியதால் வாசகர் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கவும் முடிந்தது. எனினும் உலாவிக்கு அந்தக் குறியாக்கத்தின் பெயரே தெரியாது. அதனால் 'பயனர் வரையறுத்தது' என்ற பொதுப் பெயரைப் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதி, வாசகர் தம் உலாவி அமைப்பில் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்வோம். அந்தப் பக்கங்களை இன்றைய உலாவியில் திறந்தால் மேல்பாதிப் பைட்டுகள் விண்டோஸ்-1252 அட்டவணையைக் கொண்டே படிக்கப்படுகின்றன.  பக்கம் முழுவதும் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளும் குறிகளும் தெரியும்.  இப்படிக் கிடக்கும் பக்கங்களை உருமாற்றி மீட்கும் வேலை இன்னும் முடியவில்லை. எழுதியவர்கள் மறைந்துவிட்ட பக்கங்களை மாற்ற ஆளும் இல்லை.

ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தும், அது நம் திரைக்கு வர விண்டோஸ் 2000உம் அதன் லதா எழுத்துருவும் வர வேண்டியிருந்தது. காரணம், ஒருங்குறி எழுத்தின் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு தோற்றத்தை முழுவதும் வேறொருவரிடம் ஒப்படைத்ததுதான். 'கெ' என்று எழுதினால் கோப்பில் முதலில் ககரமும் பின்னர் எகரக் குறியும் இருக்கும். திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்து வடிவமைப்பு இயந்திரம் எனப்படும் நிரல். அது இல்லாத உலாவியில் ஒருங்குறித் தமிழ் கொம்பு இடம்மாறிக் கிடக்கும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இருந்திராது என்ற வாதம் அப்போது வலுவாக எழுந்தது. டேஸ்16 என்ற குறியாக்கம் அப்படித்தான், ஒருங்குறி எவருக்கும் ஒதுக்காமல் அவரவர் பயனுக்கு விட்டுவைத்த தனிப்பயன் பகுதியில், அமைக்கப்பட்டது. அந்த வாதத்தின் நியாயத்தை நான் மறுப்பதில்லை. ஆயினும் வலைப்பக்கத்துக்கு ஒருங்குறி ஒன்றையே நான் கொள்கிறேன், ஏனெனில் தனிப்பயன் பகுதியில் வைத்த எழுத்தின் பொருளை முன்னேற்பாடு இல்லாத எந்த உலாவியும் அறியாது. இன்று பெரும்பாலான உலாவிகளில் இந்தப் பணியைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற இயந்திரம். திறந்த எழுத்து என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அன்று தமிழுக்குத் தடையாக இருந்த நிரல் குறை இன்று இல்லை.

ஆகவே குறியாக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே இப்போது முடிந்துபோனது: யுடிஎஃப்-8 மட்டும்தான். புதிய பக்கங்களுக்கு வேறொன்றை எச்டிஎம்எல் தரமே அனுமதிப்பதில்லை. எஞ்சியிருப்பது அந்தத் தேர்வை உலாவிக்குத் தெளிவாகச் சொல்வது. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன. உலாவி முதலில் பார்ப்பது கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி என்னும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் இருக்கிறதா என்பதை. அது இருந்தால் மற்ற எதையும் அது மதிப்பதில்லை. அடுத்து வழங்கி அனுப்பும் தலைப்புச் செய்தி. அதற்கும் அடுத்துத்தான் குறியாக்கத்தின் பெயரைச் சொல்லப் பக்கத்துக்குள் நாம் எழுதும் மெட்டா வரி. பக்கத்தில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருந்தும் வழங்கி வேறொன்றை அறிவித்தால் வழங்கியின் சொல்லே செல்லும். மெட்டா வரியும் கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் என்பதால், நீண்ட தமிழ்த் தலைப்பையும் பக்கச் சுருக்கத்தையும் அதற்கு முன்னால் எழுதிவிட்டால் அந்த எல்லை நாம் நினைப்பதைவிட விரைவில் தாண்டிப் போகும். தலைப்பகுதியைத் திறந்தவுடன் முதல் வரியாக அதை எழுதுவதே என் வழக்கம்.

பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளமும் அதே மொழியைப் பேச வேண்டும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் யுடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கியது மூன்று பைட்டுகள் வரை மட்டுமே ஏற்பது. தமிழின் வழக்கமான எழுத்துகளுக்கு அது போதும் என்பதால் குறை கண்ணில் படாமலே இருந்துவிடும். 2019இல் ஒருங்குறி 12ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் நான்கு பைட்டுகள் கொள்பவை. முந்திரியையோ மாகாணியையோ குறியாக எழுதிச் சேமித்தால்தான் அந்தக் குறை வெளிப்படும். யுடிஎஃப்8எம்பி4 என்ற முழு வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பக்கம் சரியாகத் தெரியாதபோது குறை எங்கே என்பதைச் சிதைவின் உருவமே சொல்லிவிடுகிறது. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், பெரும்பாலும் எழுத்து நலமாக இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. சாய்கோட்டு இலத்தீன் எழுத்துகள் தெரிந்தால், பைட்டுகள் நலமாக இருக்கின்றன, அறிவிப்புத் தவறு. புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று உயிர்க்குறியைத் தாங்கி நின்றால், மெய் இல்லாத இடத்தில் குறி வந்திருக்கிறது. சாய்சதுரம் தெரிந்தால் பைட்டுகள் அரைகுறையானவை. வெறும் வினாக்குறிகள் வரிசையாக நின்றால் எதுவும் மிஞ்சவில்லை. தமிழை அறியாத அட்டவணைக்குள் எழுதும்போதே எல்லா எழுத்துகளும் ஒரே வினாக்குறியாக ஆக்கப்பட்டுவிட்டன. இந்தக் கடைசி நிலையைக் கண்டால் உடனே சேமிப்பதை நிறுத்திவிட்டுப் பழைய படியைத் தேட வேண்டும். பதற்றத்தில் மேலும் மேலும் சேமிப்பதுதான் பெரிய இழப்பைக் கொண்டுவருகிறது.

எழுத்துருவைப் பற்றிய தேர்வோ இதற்கு நேர்மாறாக நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போகிறது. எதையும் குறிப்பிடாமல் விட்டாலும் இன்று பெரும்பாலான கருவிகளில் தமிழ் தெரியும். விண்டோஸில் முதலில் லதா இருந்தது. 7ஆம் பதிப்பில் விஜயா சேர்ந்தது. 8ஆம் பதிப்பு முதல் நிர்மலா யுஐ. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் விருப்பத்தின்பேரில் நிறுவிக்கொள்ளும் கூடுதல் எழுத்துருக்களாக ஒதுக்கப்பட்டன. ஆகவே லதாவை மட்டும் பெயர் சொல்லி அழைக்கும் பழைய பக்கங்கள் அங்கே வேறு உருவில் தெரிகின்றன. மேக் கணினிகளில் இணைமதியும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவும், ஆண்டிராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழும், லினக்ஸ் வகைகள் பலவற்றில் லோகித் தமிழும் நோட்டோவும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரே அளவில் வேறு வேறு அகலமும் உயரமும் கொண்டவை. ஒன்றில் அழகாக ஒரே வரியில் அடங்கிய தலைப்பு மற்றொன்றில் இரண்டு வரிகளாக உடைவது இதனால்தான்.

உலாவி ஒன்றன்பின் ஒன்றாகத் தேட வேண்டிய எழுத்துருக்களின் பெயர் வரிசையில் தமிழ் எழுத்துருவை முன்னே எழுதுவதா, இலத்தீன் எழுத்துருவை முன்னே எழுதுவதா என்று பலரும் கேட்பதுண்டு. இலத்தீனை முன்னே வைத்தால் தமிழ் எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்துருவுக்குப் போகும். சொல்லிடைவெளியும், நிறுத்தக்குறிகளும், எண்களும் இலத்தீன் எழுத்துருவிலிருந்தே வரும். வரியின் அடிப்படை உயரமும் வரிசையில் முதலில் கிடைக்கும் எழுத்துருவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. தமிழ் எழுத்தின் அகலத்துக்கு இலத்தீனின் சொல்லிடைவெளி பெரும்பாலும் குறுகியது. நீண்ட தமிழ்ச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் தோன்றும். ஆகவே பத்திகள் தமிழாக இருக்கும் பக்கத்தில் தமிழ் எழுத்துருவையே நான் முன்னே வைக்கிறேன். அதிலுள்ள இலத்தீன் எழுத்துகள் கண்ணுக்கு ஒவ்வாதவையாக இருந்தால் யூனிகோடு-ரேஞ்ச் என்னும் வரையறையால் அதைத் தமிழ் எண்களுக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது இடைவெளி எழுத்து அந்த எல்லைக்கு வெளியே போய்விட்டால், வரியின் உயரத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் அந்தத் தமிழ் எழுத்துருவை விட்டுப் போய்விடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த எல்லையை வகுப்பதில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. தமிழின் 128 இடங்களை மட்டும் குறித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களையும் இணைப்புத் தடுப்பானையும் விட்டுவிட்டேன். 'க்ஷ' ஒன்றிணையாமல் ககரமெய்யும் ஷகரமும் தனித்தனியே நிற்க வேண்டும் என்று எழுதியவர் விரும்பினால் நடுவில் அந்தத் தடுப்பானை வைப்பார். தடுப்பான் எல்லைக்கு வெளியே இருந்ததால் ஓர் உலாவி அந்தச் சொல்லையே இரண்டு எழுத்துருக்களாக வெட்டியது. பாதிச் சொல் தடித்தும் பாதிச் சொல் மெலிந்தும் தெரிந்தது. வேறோர் உலாவியில் ஒன்றுமே நிகழவில்லை, அதனால்தான் பிழை பல மாதங்கள் என் கண்ணில் படவில்லை. இப்போது தடுப்பானையும், இணைப்பானையும், புள்ளிவட்டத்தையும் எல்லைக்குள் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்புவதானால் வடிவம் பற்றிய பழைய சண்டை முடிந்துவிட்டது. வோஃப் வடிவம் 2012இலும், பிராட்லி சுருக்கத்தைக் கொண்ட வோஃப்2 வடிவம் 2018இலும் வலைத் தரங்களாயின. வோஃப்2 ஒன்றை மட்டும் கொடுத்தாலே இன்று போதும். கவனம் தேவைப்படுவது எழுத்துருவைக் கத்தரிக்கும்போதுதான். கோப்பின் அளவைக் குறைப்பதற்காகத் தேவையற்ற எழுத்துகளை நீக்கும் கருவிகள், சரியான கட்டளை இல்லாவிட்டால், எந்தக் குறி எந்த மெய்யோடு எப்படி இணையும் என்று சொல்லும் விதிப் பட்டியலையும் சேர்த்தே நீக்கிவிடும். தமிழில் 'கு', 'டி', 'ளூ' போன்றவை தனி உருவங்கள். அவற்றுக்குத் தனிக் குறியெண் கிடையாது. அந்தப் பட்டியல் மட்டுமே அவற்றைச் சென்றடையும் வழி. எழுத்துகள் எல்லாம் இருந்தும் சொற்கள் குலைந்து தெரியும் எழுத்துருவைக் கண்டால் நான் முதலில் ஐயுறுவது இந்தக் கத்தரிப்பைத்தான்.

எழுத்துரு வந்து சேரும்வரை பக்கம் என்ன காட்ட வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஃபாண்ட்-டிஸ்ப்ளே என்னும் அமைப்பில் எதையும் சொல்லாவிட்டால் உலாவிகள் பொதுவாக மூன்று வினாடிகள் வரை எழுத்தையே மறைத்து வைக்கின்றன. படிக்க வந்தவரிடமிருந்து, ஓர் அழகுக்காக, எழுத்தை மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்வாப் என்று எழுதிவிட்டால் கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவில் பக்கம் உடனே தெரியும்; புதிய எழுத்துரு வந்ததும் மாறிக்கொள்ளும். மாறும்போது வரிகள் குதிப்பது உண்மைதான். தமிழில் எழுத்துருக்களின் அகல வேறுபாடு பெரிது என்பதால் அந்தக் குதிப்பும் பெரிது. மாற்று எழுத்துருவின் அளவைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ காட்டும் சைஸ்-அட்ஜஸ்ட் கொண்டு அதைத் தணிக்கலாம். முழுவதும் நீக்க முடியவில்லை.

மேல்விலங்கும் கீழ்விலங்கும் கொண்ட எழுத்துக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். இலத்தீனுக்கு வகுத்த 1.2 அல்லது 1.4 என்ற அளவில் மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'லீ'யும் மோதிக்கொள்ளும், நான் 1.7க்குக் குறைப்பதில்லை. சாய்வெழுத்து தமிழின் அச்சு மரபில் வேரூன்றியது அன்று. அழுத்தம் குறிக்கும் சொல்லை உலாவி தானாகவே சரித்துக் காட்டும்போது 'ஞ', 'ண' போன்றவற்றின் சுழிகள் நசுங்கித் தெரிகின்றன. பக்கத்தின் மொழி தமிழ் என்று அறிவித்து, தமிழுக்கு மட்டும் சாய்வை நீக்கி எடையைக் கூட்டும்படி எழுதிவிடலாம். உண்மையான தடித்த எழுத்துரு இல்லாதபோது உலாவி போலியாகத் தடிமன் ஏற்றுவதையும் தடுத்துவிடுவது நல்லது. எழுத்திடைவெளியைக் கூட்டுவதை நான் அறவே தவிர்க்கிறேன். இருபுறமும் சீராக்கிய பத்தியில் கொம்பும் காலும் மெய்யை விட்டுப் பிரிந்து நின்ற உலாவிப் பதிப்பு ஒன்றோடு மூன்று ஆண்டுகள் போராடியதன் பின், இடப்பக்கம் மட்டும் சீரான பத்தியே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கடைசியாக, எந்த உலாவியும் காட்டிக்கொடுக்காத பிழை ஒன்று இருக்கிறது. 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றால் எழுதலாம். எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். ஒருங்குறி இரண்டையும் ஒன்றென்றே கருதுகிறது. திரையிலும் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆனால் பைட்டுகள் வேறு. சீராக்காத தேடலில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கண்டுபிடிக்க முடியாது. இதைச் சேமிக்கும் முன்பே சீராக்கிவிடலாம்; அதற்கு நிரல்கள் உண்டு. சீராக்க முடியாத பிழை ஔகாரக் குறியில் நேர்கிறது. 'கௌ' என்பதை எகரக் குறியும் ளகர எழுத்துமாகத் தட்டி வைப்பவர்கள் ஏராளம். அங்கே ஒருங்குறிக்குத் தெரிவது 'கெள' என்னும் இரண்டு எழுத்துகள். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருப்பதால், எழுதியவர் பக்கத்தைப் பத்து முறை படித்தாலும் பிழை தெரியாது. திரைவாசிப்பானைக் கொண்டு காதால் படிப்பவருக்குத்தான் அது பிழையாகக் கேட்கும். துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டுவதும் இதே வகை.

இதற்காகவே என் ஒவ்வொரு பக்கத் தொகுப்பிலும் எவருக்கும் காட்டாத சோதனைப் பக்கம் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் ஒகரக் குறி இரண்டு வகையிலும், ஔகாரக் குறி சரியாகவும் தவறாகவும், 'க்ஷ' இணைந்தும் பிரிந்தும், 'ஸ்ரீ', 'ஶ', தமிழ் எண்கள், முந்திரிக் குறி, ஏகாரத்திலும் ஐகாரத்திலும் தொடங்கும் சொற்கள், புள்ளியில் முடியும் சொல்லும் உகரத்தில் முடியும் சொல்லும் அடங்கிய நான்கு வரிகள் இருக்கின்றன. வழங்கியையோ தரவுத்தளத்தையோ எழுத்துருவையோ மாற்றும் ஒவ்வொரு முறையும், வேறு எந்தப் பக்கத்தையும் திறக்கும் முன் அதை மூன்று உலாவிகளிலும் ஒரு கைப்பேசியிலும் திறந்து பார்க்கிறேன். பிறகு அதன் பைட்டுகளை, முதலில் எழுதி வைத்த படியோடு எண்ணுக்கு எண் ஒப்பிடுகிறேன். அந்தச் சோதனைப் பக்கத்தின் நான்காம் வரியில் 'மூங்கிலின் கண்', 'மூங்கிலின் கணு' இரண்டையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறேன்.